எனக்கு மட்டும் அக்காவாக இருந்திருக்கலாம்

எங்கள் அக்கா திருவாண்டார்கோயிலில் கரும்பு பயிரிடும் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா இளவயதிலேயே காலமாக, செவிலியர் படிப்பு முடித்து வேலைக்குப் போய் என்னைப் படிக்கவைத்து, திருமணமும் செய்துவைத்தார். தமக்கென்று ஒரு குடும்பம் அமைத்துக்கொள்ளவில்லை. அதனால் அவர் எனக்கே உரியவர் என்று நினைத்திருந்தேன்.

கொரோனா தடுப்பூசி வந்த காலத்தில் அக்காவுக்குச் செல்லிப்பட்டில் பணி. ஊசி வண்டியைக் கண்டாலே ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். செல்வி என்ற பெண்மணி வாசலை மறித்தே நின்றாராம்.

"ஆஸ்பத்திரிக்குப் போன எங்கூட்டுக்காரரு பொணமாத்தான் வந்தாரு. ஊசி போட்டு எனக்கு எதுனா ஆச்சுன்னா பாக்க யாரு இருக்கா?"

"நான் இருக்கேன். போட்டுக்கோ, பொழுது சாயற வரிக்கும் இங்கியே ஒக்காந்துக்கினு இருக்கேன்" என்றாராம் அக்கா.

அன்று என் மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அக்கா வந்துதான் புடவை கட்டிவிட வேண்டும் என்று காத்திருந்தோம். போன் செய்தேன்.

"கோச்சுக்காதடி. இவளுக்கு ஜொரம் அடிக்குது, யாருமில்ல. ஒனக்குத்தான் எல்லாரும் இருக்காங்களே."

"எனக்கு நீ ஒருத்திதான்கா" என்றேன். அவர் வரவில்லை; புடவையை நானே கட்டிவிட்டேன்.

மறுநாள் செல்வி நன்றாக நடமாடுவதைப் பார்த்து அந்தத் தெருவே ஊசிக்கு வந்தது. பிறகு அவரே அக்காவுடன் வீடு வீடாகப் போனார். அவரைத்தான் கூடப்பிறந்தவர் என்று ஊரார் நினைத்தார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

சென்ற ஆண்டு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானது. என் வீட்டில்தான் இருந்தார். நான் ரசம் சாதம் பிசைந்து நீட்டினால், "செல்வி வரட்டும்டி" என்பார். அவர் பஸ் பிடித்து வந்து ஊட்டினால் இரண்டு வாய் கூடுதலாக இறங்கும். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். அக்கா கண்மூடியபோது கை செல்வியின் மடியில் இருந்தது. நான் கால்மாட்டில் இருந்தேன்.

துக்கத்துக்கு வந்த செல்லிப்பட்டு அம்மா ஒருவர் என்னிடம், "நீ நர்சம்மாவுக்குத் தெரிஞ்ச பொண்ணாம்மா?" என்று கேட்டார்.

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும், செல்லிப்பட்டு மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்விக்கும் நன்றி. என் கணவர் கேட்டுக்கொண்டபடி இந்த நினைவு மலரின் குடும்பப் படத்தில் அவரையும் சேர்த்திருக்கிறோம். அக்காவுக்குப் பக்கத்தில் நிற்பது நான். செல்வி எனக்கு அந்தப் பக்கம்.