அவர் பிடித்து வைத்த நாற்காலி

மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டுத் தீபாவளி விருந்துக்கு எங்கள் தாமான் குடியிருப்பே திரண்டு வரும். வாசலில் கூடாரம் போட்டு, யாரும் வந்து சாப்பிடலாம் என்று திறந்த இல்ல உபசரிப்பு நடத்துவோம். அன்று முழுக்க நான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுவேன். கோழிப் பெரட்டல் யார் தட்டிலாவது குறைந்துவிட்டால் எனக்கு மானமே போய்விடும்.

என் கணவர் மட்டும் கூடாரத்து ஓரத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். "வந்து ரெண்டு வாய் சாப்பிடு லா. வேணுங்கறத அவங்களே போட்டுக்குவாங்க."

"இருங்க, ஆளுங்க வந்துகிட்டே இருக்காங்க" என்பேன்.

போன தீபாவளியன்று அலுப்பில், "உங்களுக்கென்ன, உக்காந்த இடத்திலேயே இருக்கீங்க!" என்று எல்லார் முன்னாலும் சிடுசிடுத்துவிட்டேன். அப்புறம் அவர் கூப்பிடவில்லை.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் மாரடைப்பில் போய்விட்டார்.

கூடத்தில் மாட்டுவதற்கு நாங்கள் இருவரும் சேர்ந்திருக்கும் படம் ஒன்றை மகள் கைப்பேசியில் தேடினாள். ஒன்றுகூட இல்லை. அந்தத் தீபாவளியன்று எடுத்த படத்தில் பாதிப் பேர் தட்டோடு நிற்கிறார்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் காலி. அதன்மேல் அவருடைய கைக்குட்டை கிடக்கிறது.

"அது அம்மாவுக்குன்னு சொல்லி, கடைசி வரைக்கும் அப்பா யாரையும் உக்கார விடலம்மா" என்றாள் மகள்.

இப்போதெல்லாம் வீட்டுக்கு யார் வந்தாலும் என் தட்டையும் எடுத்துக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்துவிடுகிறேன். அவர் சொன்னது போலவே, வேண்டியதை அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். இதுவரை ஒருவர்கூடப் பசியோடு திரும்பவில்லை.