மூன்று முறை போன வரன்

கோவில்பட்டியில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் நான் கணினி வேலை பார்த்தேன். சுற்றுவட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வரன் விவரம் அனுப்புவது அங்கே தொழில். மாடியில் இரண்டு அறை, தூத்துக்குடியில் ஒரு கிளை, முதலாளியாக ஓர் அண்ணாச்சி. அண்ணாச்சியைப் பொறுத்தவரை கணினி என்பது ஒரே ஒரு பொத்தான்தான். ‘அனுப்பு’ என்று எழுதியிருக்கும். காலையில் அதை அழுத்தினால், அன்றைக்குப் பொருத்தமான பெண், மாப்பிள்ளை விவரங்கள் படத்தோடு அந்தந்த வீட்டு வாட்ஸப்புக்குப் போய்ச் சேர வேண்டும்.

பொத்தானை அழுத்துவது என்னோடு அங்கே வேலை பார்த்த ஒருத்தியின் வேலை. மணியாச்சிப் பக்கம் ஊர். காலை பாசஞ்சரில் வருவாள். மழைக்காலமென்றால் செருப்பில் அப்பிய கரிசல் மண்ணை மாடிப்படி விளிம்பில் தேய்த்துவிட்டுத்தான் ஏறுவாள். அந்தச் சத்தம் கேட்டதும் நான் திரையை உற்றுப் பார்ப்பதுபோல் உட்கார்ந்துகொள்வேன். அலுவலகத்தில் எல்லோரும் அவளுக்கு ‘அண்ணே’தான், டீ கொண்டுவருகிறவர் உட்பட. என்னை மட்டும் அப்படிக் கூப்பிட்டதில்லை. “இங்கன பாருங்களேன்” என்பாள், அவ்வளவுதான். அந்த விட்டுப்போன ஒரு சொல்லை நம்பி நான் இரண்டு வருடம் ஓட்டினேன்.

பொத்தானை அழுத்தினால் திரை உறைந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக்கும் விவரத்தைக் கோத்து, படத்தைச் சுருக்கி, அனுப்பி முடிக்க இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை அந்தக் கணினியில் வேறொன்றும் செய்ய முடியாது. அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொள்வாள். ரயிலில் ஜன்னலோரத்துக்குச் சண்டை போடும் அத்தை ஒருத்தி, அறுப்பு நேரத்தில் மழை பெய்து அப்பாவின் உளுந்து கறுத்துப்போனது, பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை தூங்கிவிட்ட கதை எல்லாம் வரும். நானும் பேசுவேன். வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவே யோசிக்கிற ஆள் நான். அங்கே என் வாய் ஓயாது.

ஒரு நாள் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார்.

“ஏலே தம்பி, பொத்தான அமுக்கிட்டு இந்தப் பிள்ள சும்மா உக்காந்திருக்கு. தூத்துக்குடில இருந்து போன் மேல போன் போடுதாவ. இத வேகப்படுத்த முடியாதாலே?”

முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார். ஆனால் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் எனக்கு ஒன்று தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

அதற்குப் பின்னணி வேலை வரிசை என்று பெயர். ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பொத்தானை அழுத்தியதும் வேலைகள் துண்டு துண்டாக ஒரு வரிசையில் போய் நிற்கும். திரை உடனே விடுபட்டுவிடும். வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் செய்ய வேறு கணினிகள் இருக்கும். எங்களுக்கு மூன்று. பின்னறையில் தூசி படிந்து கிடந்த இரண்டு, தூத்துக்குடிக் கிளையில் ஒன்று. எடுத்த வேலையை முடித்ததும் அந்தக் கணினி ‘முடிந்தது’ என்று வரிசைக்குச் சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் சொல்லாவிட்டால், வேலை நடக்கவில்லை என்று வைத்துக்கொண்டு வரிசை அதே வேலையை மறுபடி எடுத்துக் கொடுக்கும். எந்த வீட்டுக்கும் விவரம் போகாமல் விட்டுப்போகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மூன்று வாரம் மெனக்கெட்டேன்.

முதல் நாள் அவள் பொத்தானை அழுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் நாற்காலியைத் திருப்பினாள். அதற்குள் திரை தயாராக நின்றது.

“என்ன, அதுக்குள்ள முடிஞ்சிட்டா?”

“முடியல. வரிசையில போட்டாச்சு. அதுபாட்டுக்குப் பின்னாடி அனுப்பிக்கிட்டு இருக்கும். நீங்க அடுத்த வேலையப் பாக்கலாம்.”

“அப்போ இனி சும்மா உக்காந்து பேச நேரம் இருக்காதுன்னு சொல்லுங்க.”

“இருக்கவே இருக்காது!” என்றேன். பாராட்டுகிறாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு மண்டை எனக்கு.

மறுநாளிலிருந்து அவள் அடுத்த வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். இப்போது நான் வேறொரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஏதாவது ஒரு பக்கம் திறக்க நேரமானால் என்னையறியாமல் நாற்காலியைத் திருப்பிவிடுகிறேன். அந்தப் பக்கம் சுவர்தான் இருக்கிறது.

ஒரு திங்கட்கிழமை தூத்துக்குடியில் சாலையைத் தோண்டினார்கள். நெட் வருவதும் போவதுமாக இருந்தது. கிளையில் இருந்த கணினி ஒரு வீட்டுக்கு விவரத்தை அனுப்பிவிடும், ‘முடிந்தது’ என்று சொல்வதற்குள் இணைப்பு அறுந்துபோகும். வரிசைக்குத் தகவல் வராததால் அது அதே வேலையை மறுபடி கொடுக்கும். இந்த வீட்டுக்கு இந்த விவரம் ஏற்கெனவே போய்விட்டதா என்று பார்க்கிற ஒரு சின்னக் குறிப்பேட்டை நான் வைத்திருக்க வேண்டும். இந்தத் தொழிலில் கற்றுக்குட்டிகூட அதை வைப்பான். நான் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். நாற்பது வீடுகளுக்கு இரண்டு முறை போனது. சில வீடுகளுக்கு மூன்று முறை.

காலையிலேயே போன் அடிக்கத் தொடங்கிவிட்டது. ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒரு தகப்பனார் சத்தம் போட்டது அடுத்த அறை வரை கேட்டது. “ஒரே பையன் படத்த மூணு மட்டம் அனுப்புதியளே, அவனுக்கு அப்படி என்ன அவசரம்?” அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையில் நான் பின்னறைக்குப் போய்ப் பிழையைத் தேடுகிறவனாகிவிட்டேன்.

மதியம் அவள் பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

“எங்க வீட்டுக்கும் மூணு மட்டம் வந்துருக்கு.”

அவள் அம்மா அவளையும் எங்கள் மையத்தில்தான் பதிந்திருந்தார். தன் விவரத்தை அவளே தட்டச்சு செய்து ஏற்றினாள். அன்று நான் கீழே போய் மூன்று டீ குடித்தேன்.

“யாரு மாப்பிள?” என்று கேட்டேன்.

“ஓசூர்ல வேலையாம். அது கெடக்கட்டும். அம்மா அத வேற மாதிரி எடுத்துக்கிட்டாவ. கோயில்ல மூணு ஞாயித்துக்கெழம ஓலை வாசிப்பாவல்லா, அது மாதிரி மாதாவே மூணு மட்டம் வாசிச்சுட்டாவன்னு சொல்லிக்கிட்டு அலையுதாவ. பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு.”

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணம் நிச்சயமானால் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை உண்டா என்று கேட்பார்கள். நிச்சயத்துக்கு முன்பே என் வரிசை வாசித்துவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

“இது நீங்க செஞ்ச தப்புதானே?”

“ஆமா. நெட்டு போனதுல...”

“அத எங்க வீட்டுக்கு வந்து எங்க அம்மாட்ட சொல்லுங்களேன். ஞாயித்துக்கெழம அப்பாவும் இருப்பாவ.”

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் யோசித்தேன். யோசித்தேன் என்றா சொன்னேன்? வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்து என் பிழையை நானே விளக்குவதா என்ற ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

“அதுக்கு எதுக்கு வீட்டுக்கு வரணும்? எல்லாருக்கும் சேத்து ஒரு வெளக்கம் அனுப்பிருதேன்” என்றேன்.

உட்கார்ந்து அழகாக எழுதினேன். தொழில்நுட்பக் கோளாறினால் ஒரே விவரம் பலமுறை வந்திருக்கலாம், அதற்குத் தனிப் பொருள் எதுவும் இல்லை, பொறுத்தருளவும். குறிப்பேட்டையும் சேர்த்து, பிழையைச் சரிசெய்து, அவளைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரிலேயே அனுப்பிக் காட்டினேன். எல்லா வீட்டுக்கும் ஒரே ஒரு முறைதான் போனது. அவள் “சரி” என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

ஓசூர்க்காரர்கள் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். பிறகு நிச்சயம். எனக்கு அவள் வேண்டும் என்பது அந்த நாட்களில்தான் என் வயிற்றுக்குத் தெரிந்தது, சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. சாலையைத் தோண்டியவனைத் திட்டினேன். மெஷின் தப்பென்று எழுதி அனுப்பிய பிறகும் அடையாளம் என்று பிடித்துக்கொண்டிருக்கிற அவள் அம்மாவை மனதுக்குள் வைதேன். ஒரு குறிப்பேடு வைத்திருந்தால் அவள் எனக்குக் கிடைத்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் போட்டு வெந்தேன்.

வேலைக்கு வந்த கடைசி நாள் கல்யாண அழைப்பிதழ் கொண்டுவந்தாள். அண்ணாச்சிக்குக் கொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்தாள். வாங்கிக்கொண்டேன். சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

“நான் அவ்வளவு தெளிவா எழுதி அனுப்பியும் உங்க அம்மா நம்பலையோ?”

“எத?”

“மூணு மட்டம் வந்தது மெஷின் தப்புன்னு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

“அன்னைக்கே நம்பிட்டாவ. இந்த மாப்பிள்ளைய விட்டுருவோமான்னு கூட எங்கிட்ட கேட்டாவ. விட்டுருவோம்னு சொல்லுததுக்கு எனக்கு வேற ஒரு காரணம் வேணும்லா. அதுக்குத்தான் உங்கள வீட்டுக்கு வாங்கன்னு சொன்னேன். நீங்க மெசேஜ் அனுப்பிட்டீங்க.”

பாசஞ்சருக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். கோவில்பட்டியிலிருந்து மணியாச்சி முக்கால் மணி நேரம்கூட இல்லை. நான் இன்றுவரை போனதில்லை.