பாசிக்குத் தெளித்த துரிசு

எழுபதுகளின் இறுதியில் நடந்தது இது. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னால் சிறிய புல்தரை உண்டு. அந்த வருட மழையில் புல்லைவிடப் பாசிதான் அதிகம் படர்ந்தது. உரக்கடைக்காரர் சொன்னபடி துரிசு வாங்கினேன். மயில்துத்தம் என்ற நீல விஷ உப்புக்கு இங்கே அதுதான் பெயர். மழை விட்ட ஒரு மாலையில் அளந்து கரைத்து, பூவாளியால் தெளித்தேன். அளவு, நேரம் எல்லாவற்றையும் டைரியில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பார்த்தால், ஓரத்தில் புல் கிள்ளிய தடம். மனைவியிடம் கேட்டேன்.

"பக்கத்தாத்து மாமிதான். சர்க்கரைக்கு அருகம்புல் சாறு குடிக்கறாளே, தினம் வந்து பறிச்சுண்டு போவா."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மாமி சாற்றை வடிகட்டி, டம்ளரைக் கையில் எடுத்திருந்தார்.

"மாமி, குடிக்காதீங்கோ!"

"ஒரு பிடி புல்லுக்கா இந்த ஓட்டம்? வேணும்னா திருப்பித் தந்துடறேன்" என்று சிரித்தார்.

விஷயத்தைச் சொன்னதும் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "புல்லை அலம்பக் குழாய்ல தண்ணி வர நேரமாயிடுத்து. இல்லேன்னா அப்பவே குடிச்சிருப்பேன்" என்றார். பிறகு அவர்தான் என்னை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

அதன்பின் மருந்தே தெளிக்கவில்லை. நிழல் தரும் மாங்கிளைகளைக் கழித்து, தண்ணீர் தேங்காமல் வாய்க்கால் வெட்டி, பாசியைக் கையால் சுரண்டி எடுத்தேன். ஆனாலும் மாமி தினமும் வாசல் கேட்டருகில் நின்று, "பறிக்கலாமோன்னோ?" என்று கேட்ட பிறகுதான் குனிவார். பதில் சொல்ல நான் சீக்கிரமே எழுந்துவிடுவேன்.