வெரோனிக்கா பூட்டிய கதவு

டுசல்டோர்ஃபுக்கு வடக்கே, ரைன் நதியோரத்துச் சிற்றூர் ஒன்றில் வெரோனிக்காவுக்குக் கத்தோலிக்கக் கோயிலில் வேலை. காலையில் கதவு திறக்க வேண்டும், பீடத்து விரிப்பு மாற்ற வேண்டும், மெழுகுதிரி ஏற்ற வேண்டும், பூசை முடிந்ததும் பூட்ட வேண்டும். மன்னாரிலிருந்து அகதியாக வந்து முதியோர் இல்லத்துச் சமையலறையில் நெடுங்காலம் நின்றவள். கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவர் ஓய்வுபெற்றபோது அந்த வேலையை வேறு யாரும் கேட்கவில்லை. அவள் போய்க் கேட்டாள். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

கோபுரம் எண்ணூறு ஆண்டுக்கு முந்தியது, கல்லால் ஆனது. அதோடு ஒட்டிய செங்கல் மண்டபம் சற்றுப் பிந்தியது. தூண்களிலிருந்து கிளைபிரிந்து எழும் வளைவுகள் உச்சியில் ஒன்றுகூடிக் கூரையைத் தாங்கின. தரை முழுக்கப் பழைய பிரபுக்களின் கல்லறைப் பலகைகள், நடந்து நடந்தே எழுத்து அழிந்தவை. அடுத்தடுத்த கோடைகளில் மழை பொய்த்து, அடியிலிருந்த களிமண் வற்றிச் சுருங்க, வடபுறத் தூண் ஒன்று கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. வளைகூரையில் வெடிப்பு விழுந்தது. பொறியாளர் பெண் ஒருத்தி வந்து வெடிப்பின் குறுக்கே மெல்லிய சாந்துப் பட்டைகளைப் பூசிவிட்டுப் போனாள்.

“இந்தப் பட்டை உடைந்தால் கூரை அசைகிறது என்று அர்த்தம். ஒருவரையும் உள்ளே விடாமல் என்னைக் கூப்பிடுங்கள்” என்றாள்.

ஒக்டோபர் மாதத்துக் காலையொன்றில் கெர்க்ஹோஃப் அம்மாளின் அடக்கப் பூசை. சவப்பெட்டியை முன்கூட்டியே கொண்டுவந்து, சக்கரத் தாங்கியோடு பீடத்தின் முன் நிறுத்திவிட்டார்கள். பூசை வைக்கும் சுவாமியார் இன்னும் அடுத்த ஊரிலிருந்து வந்து சேரவில்லை. ஓர்கன் வாத்தியத்தைப் போட்டுவைக்கப் பாடகர் மாடத்துக்கு ஏறிய வெரோனிக்கா, வழக்கம்போல் கூரையை நிமிர்ந்து பார்த்தாள். பட்டை நடுவால் பிளந்திருந்தது. பக்கத்துப் பட்டையும் அப்படியே. நேரே கீழே பெட்டி.

அவள் கீழே இறங்கி, முன்வரிசையில் செபமாலையோடு இருந்த இரண்டு கிழவிகளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தாள். கதவைப் பூட்டினாள். பிறகுதான் பொறியாளரைக் கூப்பிட்டாள். “இதோ புறப்படுகிறேன், திறக்கவே வேண்டாம்” என்றது தொலைபேசியில் குரல்.

முற்றத்தில் கறுப்பு உடுப்போடு ஊரே திரண்டிருந்தது. இறந்தவளின் மகன் மத்தியாஸ் அவள் முன்னால் வந்து நின்றான். வயல் செய்யும் கமக்காரன், ஊர்த் தீயணைப்புப் படையிலும் இருப்பவன்.

“என் அம்மா உள்ளே இருக்கிறாள். திறவுங்கள்.”

“கூரை அசைகிறது. பொறியாளர் வரட்டும்.”

“இது எங்கள் கோயில். எங்கள் பாட்டன்மார் கட்டியது. அதைப் பூட்ட நீங்கள் யார்?”

அவள் சாவியைக் கைக்குள் இறுக்கினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ “வெட்கக்கேடு” என்றார்கள். அவள் கணவன் யூட் கிட்ட வந்து காதோரம் கேட்டான்.

“வடிவாப் பாத்தனியே? பிழைச்சால் இந்த ஊரில இனி முகம் குடுக்கேலாது.”

“பாத்தனான். பேசாமல் நில்லுங்கோ.”

அப்போது உள்ளே ஏதோ உடைந்தது. பெரிய சத்தமில்லை, வாதுமைக் கொட்டையை நெரித்தது போல ஒன்று. கதவருகே நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

பொறியாளர் வந்ததும், வெரோனிக்கா திறந்துவிட்ட வாசலில் நின்றபடியே தூரநோக்கியால் கூரையைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

“பெட்டியை எடுக்க ஒருவர் மட்டும் போகலாம். சுவரோரமாகப் போய், உடனே திரும்ப வேண்டும்.”

மத்தியாஸ் தலைக்கவசம் போட்டுக்கொண்டு போனான். பெட்டியைத் தள்ளத் தொடங்கினான். சக்கரங்கள் தரையில் கறகறத்தன. பாதி வழியில், ஒரு கல்லறைப் பலகையின் உடைந்த விளிம்பில் முன்சக்கரம் இறங்கிச் சிக்கிக்கொண்டது. அவன் உலுப்பினான், அசையவில்லை. மேலேயிருந்து ஒரு பிடி சுண்ணத்தூள் பெட்டி மூடியில் உதிர்ந்தது.

“விட்டுவிட்டு வாருங்கள்!” பொறியாளர் கத்தினாள். அவன் விடவில்லை. அழுதபடி இன்னும் பலமாக உலுப்பினான்.

வெரோனிக்கா ஓடினாள்.

“வெரோனிக்கா! உனக்கென்ன விசரே!” யூட்டின் குரல் பின்னால் கேட்டது.

குனிந்து தாங்கியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தாள். சமையலறையில் பெரும் பானைகள் தூக்கிய தோள்தான். “இப்போது!” என்றாள். அவன் தள்ள, சக்கரம் மேலேறியது. இருவரும் பெட்டியை வாசல்வரை ஓட்டிக்கொண்டு வந்து வெயிலில் நின்றார்கள். யூட் தன் மேலுடுப்பைக் கழற்றி அவளுக்குப் போர்த்திவிட்டான்.

பூசை சேமக்காலையில், குழியருகிலேயே நடந்தது. மண் போட்டு முடிந்ததும் மத்தியாஸ் எல்லோருக்கும் கைகொடுத்தான், அவளுக்குத் தவிர.

கூரை அன்று விழவில்லை. பிறகும் விழவில்லை. விழுந்திருக்குமா என்று பொறியாளரை அவள் ஒருமுறை கேட்டாள். “ஒரு மணி நேரமும் நின்றிருக்கலாம், ஐம்பது வருடமும் நின்றிருக்கலாம்” என்று பதில் வந்தது. தூணுக்குக் கீழே புது அத்திவாரம் இறக்கி, உருக்குக் கம்பிகளால் சுவர்களைப் பிணைத்து முடிக்க இரண்டு வருடம் சென்றது. அந்த இரண்டு வருடமும் பூசை பள்ளிக்கூட மண்டபத்தில். வெரோனிக்கா பாண் வாங்கப் போனால் ரொட்டிக் கடையில் பேச்சு நின்றுவிடும்.

ஒருநாள் அதே கடை வாசலில் மத்தியாஸ் அவளை மறித்தான்.

“பூட்டியதற்கு எனக்கு இன்னும் கோபம்தான்” என்றான். “ஆனால் உள்ளே ஏன் ஓடிவந்தீர்கள்?”

அவள் பாண் பையை மறு கைக்கு மாற்றினாள்.

“சக்கரம் சிக்கிவிட்டதே” என்றாள்.

அவன் தலையாட்டினான். அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, அவளோடு வீதி முனைவரை நடந்தான்.