சம்லியின் ஐந்தாவது குட்டி

தாய்லாந்தின் மேக்லோங்கில் அயிலை மீன் வேகவைக்கும் கொட்டகையில் எனக்கு எதிர்ப் பலகையில் பதினெட்டு வருடங்களாக உட்கார்ந்திருப்பவள் லம்துவன். சின்ன மூங்கில் தட்டுக்குள் மீன் அடங்க வேண்டுமென்றால் அதன் கழுத்தை ஒடித்து மடக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. லம்துவன் மீனைப் பார்க்கவே மாட்டாள். எது நேற்றுப் பிடித்தது, எதற்கு முதுகெலும்பு கோணல் என்று விரல் பட்டதும் சொல்லிவிடுவாள்.

கல்யாணமான ஆறாவது வருடம் அவள் கணவன் ரனோங் பக்கம் படகு வேலைக்குப் போனான். அங்கேயே ஒரு குடும்பம் ஆகிவிட்டது, திரும்பவில்லை. ஓடிப்போனவன் அவன். ஊர் விசாரித்ததோ இவளை. இவளிடம் என்ன குறை, இவள் யாரோடு பேசினாள் என்று வாசலுக்கு வாசல் பேச்சு. ஒரு வருடம் லம்துவன் சந்தைப் பக்கமே போகவில்லை. நான்தான் காய்கறி வாங்கிக் கொடுத்தேன். அந்த வருடத்தில்தான் யாரோ விட்டுப்போன ஒரு வெள்ளைப் பூனை அவள் வீட்டுப் படியேறி வந்தது.

காவ்மணி இனம். காவ்மணி என்றால் வெள்ளை மணி. அந்தப் பூனையின் பேத்திதான் சம்லி. சம்லி என்றால் பஞ்சு. ஒரு கண் நீலம், ஒரு கண் தேன் நிறம்.

எங்கள் மாவட்டத்தில் காவ்மணி வளர்ப்பவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. தலைவர் இரும்புக்கடை பிரசொங். சங்கத்தின் பதிவேட்டில் ஏறாத பூனையை யாரும் காவ்மணி என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சம்லியின் பாட்டி எங்கிருந்து வந்தாள் என்று தெரியாததால் மூன்று தலைமுறையாக லம்துவன் வீட்டுப் பூனைகள் பதிவேட்டுக்கு வெளியே நின்றன. அதற்கும் ஒரு வழி இருந்தது. பதிவான கடுவன் பூனைக்குக் குட்டி போட்டு, கடுவனின் சொந்தக்காரர் "இவை என் பூனையின் குட்டிகள்" என்று கையெழுத்துப் போட்டால், தாயின் பெயரும் ஏறும். லம்துவனுக்கு அந்த ஒரு ஆசைதான். தன் வீட்டிலிருந்து ஒரு பெயராவது அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும்.

பிரசொங்கின் கடுவன் சங்கு. பத்து நாள் லம்துவன் வீட்டு மாடியறையில் சம்லியோடு இருந்துவிட்டுப் போனான். அறுபத்தைந்தாம் நாள் ஐந்து குட்டிகள் பிறந்தன. நான்கு வெள்ளை, ஒன்று கருப்பு.

மூன்றாம் நாள் பிரசொங் வந்தார். குட்டிகள்மேல் கிடந்த துணியை விலக்கிப் பார்த்தார்.

"இது என்னது?"

"பூனைக்குட்டி, அண்ணே."

"அது தெரியுது. கருப்பா இருக்கே."

"கருப்புத்தான்."

"ஏழு வருஷமா சங்கு எத்தனை வீட்டுக்குப் போயிருக்கான். ஒரு கருப்பு பொறந்ததில்ல. உன் சம்லி வெளியில போயிட்டு வந்திருக்கு."

"மாடியை விட்டு எறங்கவே இல்ல. ஜன்னலுக்கு அடிச்சிருக்கறது உங்க கடை வலைதான் அண்ணே."

"வலை நல்ல வலைதான். போகணும்னு மனசுல வந்துட்டா எந்த வலையும் நிக்காது. உனக்குத் தெரியாததா?"

நான் அப்போது அங்கே இருந்தேன். லம்துவனின் முகம் வெளிறியதைப் பார்த்தேன். பதினாறு வருடத்துக்கு முன்பு ஊர் பேசியதை அவர் ஒரு வாக்கியத்தில் பேசிவிட்டார். அவருக்கும் அது உறைத்திருக்க வேண்டும். குரலை இறக்கினார்.

"சரி விடு. கருப்பை ஒரு கூடையில போட்டு கோயில்ல விட்டுடு. எல்லாரும் செய்யறதுதான். நாலும் வெள்ளைன்னு எழுதி நான் கையெழுத்துப் போட்டுத் தரேன். ஞாயித்துக்கிழமை வா."

மறுநாள் கொட்டகையில் நான் அவளுக்குச் சொன்ன புத்தி எனக்கே இன்று கூச்சமாக இருக்கிறது.

"ஒரு குட்டிதானேடி. விட்டுட்டு வேலையைப் பாரு. இத்தனை வருஷமா நெனச்சது நடக்கப் போகுது."

"அக்கா, சம்லி வெளியில போனது நெஜம்னு வெச்சுக்குவோம். அப்ப அந்த நாலு வெள்ளை மட்டும் சங்கோடதுன்னு இவர் எப்படி எழுதுவாரு?"

நான் அடுத்த மீனை எடுத்து மடக்கினேன்.

"எல்லாரும் செய்யறதுன்னாரே. எல்லாரும்னா யாரு?" என்றாள். அவள் கை நின்றுவிட்டது. அவள் பலகையில் மீன் சேர்வதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

வெறிநாய்க்கடி ஊசி போட வரும் கால்நடை டாக்டரிடம் லம்துவன் எத்தனையோ தடவை வாயைக் கிளறிக் கேட்டிருக்கிறாள். அவர் சொன்னதை எனக்கும் விளக்கினாள். காவ்மணியின் வெள்ளை, நிறத்தின் மேல் போர்த்திய போர்வை. அடியில் கருப்போ சாம்பலோ ஏதோ ஒன்று இருக்கும். குட்டிக்குத் தாயிடமிருந்து ஒரு பங்கு, தகப்பனிடமிருந்து ஒரு பங்கு. இரண்டில் ஒன்றில் போர்வை வந்தாலே குட்டி வெள்ளை. இரண்டு பங்கிலும் போர்வை உள்ள பூனைக்கு எத்தனை குட்டி பிறந்தாலும் வெள்ளையாகத்தான் பிறக்கும். ஒரு பங்கில் மட்டும் போர்வை உள்ள இரண்டு பூனைகள் சேர்ந்தால், நாலில் ஒன்று போர்வையே இல்லாமல் பிறக்கலாம். அப்போது அடியில் இருந்த நிறம் வெளியே வரும். சம்லியின் வெள்ளைக் குட்டிகளில் இரண்டுக்கு உச்சந்தலையில் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு கருப்புப் பொட்டு இருந்தது. ஒற்றைப் போர்வையின் அடையாளம் அது. வளர வளர மறைந்துவிடும்.

"சம்லி வெளியில போகல. அப்ப சங்கு மேலயும் ஒத்தைப் போர்வைதான்க்கா. அப்படின்னா அவனுக்கு இதுக்கு முன்னாடியும் கருப்பு பொறந்திருக்கணும். எங்க போச்சு?"

வேலை முடிந்ததும் இருவரும் கோயிலுக்குப் போனோம். எங்கள் கோயிலில் நாற்பது பூனைகளுக்குக் குறையாது. லம்துவன் மண்டபத்தின் நிழலில் உட்கார்ந்து, அருகில் வந்த கருப்புப் பூனைகளை ஒவ்வொன்றாக மடியில் இழுத்து வாலை நுனிவரை உருவினாள்.

சங்கின் வால் நுனியில் கடைசிக் கணு இடப்பக்கம் மடங்கியிருக்கும். அடர்ந்த முடிக்குள் கண்ணுக்குத் தெரியாது. சங்கு அவள் வீட்டில் இருந்த பத்து நாளில் அவள் விரலுக்கு அது தெரிந்துவிட்டது. சம்லிக்கும் அவள் தாய்க்கும் பாட்டிக்கும் நேரான வால். கருப்புக் குட்டியின் வாலிலோ அரிசிமணி அளவுக்கு ஒரு முடிச்சு, இடப்பக்கம். வெள்ளையில் இரண்டுக்கும் அப்படியே.

கோயிலில் ஒன்பது கருப்புப் பூனைகள். ஆறின் வால் இடப்பக்கம் மடங்கியது.

ஆறாவதை அவள் மடியில் வைத்திருந்தபோது பின்னால் ஒரு குரல் கேட்டது. "வாலைத் தொட்டுப் பாக்கறியா தங்கச்சி?"

பிரசொங்கின் மனைவி புங்கா. கையில் மீன் பிசைந்த சோற்றுச் சட்டி. பூனைகள் எங்களை விட்டுவிட்டு அவளிடம் ஓடின.

"ஆமா அண்ணி."

"இடது பக்கம்தானே?"

"இடது பக்கம்தான்."

புங்கா சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுப் பெட்டைக்குக் கருப்பு பொறந்தா, கண்ணு தொறக்கறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுடச் சொல்லுவாரு. எனக்கு மனசு வராது. கடைக்குப் பின்னாடி சாக்கு மறைவுல வெச்சு ரெண்டு மாசம் பால் குடுத்துட்டுத்தான் கொண்டு வருவேன். அவருக்கும் தெரியும். தெரியாத மாதிரி பெயின்ட் டப்பாவை அடுக்கிக்கிட்டு இருப்பாரு."

"மத்த வீட்டுல பொறந்தது?"

"அதுவும் என் கையிலதான் குடுப்பாங்க. யாருக்கும் வெளியில சொல்ல ஆசையில்ல. வெள்ளைக்குக் கருப்பு பொறந்துச்சுன்னா அவங்க பூனைக்குத்தானே கெட்ட பேரு." கருப்புப் பூனை ஒன்று அவள் முழங்காலில் தலையை முட்டியது. "ஏழு வருஷமா சோறு போடறேன். இதுல ஒண்ணைக்கூட எங்க வீட்டுப் புள்ளைன்னு சொல்ல முடியல."

லம்துவன் அவளிடம் உதவி எதுவும் கேட்கவில்லை. புங்காவும் வாக்குக் கொடுக்கவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நாங்கள் எழுந்து வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை லம்துவன் கூடையில் ஐந்து குட்டிகளையும் சம்லியையும் வைத்து எடுத்துக்கொண்டு இரும்புக்கடைக்குப் போனாள். துணைக்கு நான். மேசைமேல் பதிவேடு திறந்து தயாராக இருந்தது. பிரசொங் கூடைக்குள் பார்த்தார்.

"நான் சொன்னதைச் செய்யலையா நீ?"

"கையைக் குடுங்க அண்ணே. இந்த வால் நுனியைத் தொடுங்க. அப்புறம் சங்கு வாலையும் தொடுங்க."

தொட்டார். உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"இந்த ஊருல பாதிப் பூனைக்கு வால் கோணல். இது ஒரு சாட்சியா?"

"என் வீட்டுல எதுக்கும் கோணல் இல்ல. மூணு தலைமுறையா இல்ல."

"கோயில் கடுவன் எதாவது வந்திருக்கும். அங்க எத்தனை கோணல் வால் இருக்கு, போய்ப் பாரு."

உள்ளிருந்து புங்கா வந்தாள். கை ஈரத்தை மேலாடையில் துடைத்தபடியே வந்தாள்.

"அங்க இருக்கற கோணல் வாலெல்லாம் யாரோடதுன்னு நான் சொல்லவா?"

பிரசொங் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆணி வாங்க வந்த ஒருவர் வாசலில் நின்று, கடை நிலவரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

"சங்கத்துல என்னை என்ன கேப்பாங்க தெரியுமா உனக்கு?" என்றார் மனைவியிடம், மெதுவாக. "ஏழு வருஷமா எழுதினது எல்லாத்தையும் பொரட்டுவாங்க."

"பொரட்டட்டும். அவங்களும்தான் என் கையில கூடையைக் குடுத்தாங்க. எல்லாரும் சேர்ந்து பொரட்டட்டும். அது அடுத்த கூட்டத்துக்கு. இவ வீட்டுல நின்னு நீங்க பேசிட்டு வந்ததை இன்னைக்குச் சரி பண்ணுங்க."

வெகுநேரம் அவர் பேனாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஒரு வெள்ளைப் பூனையின் பெருமையில் ஊர் மரியாதை முழுவதையும் வைத்துவிட்டவர். லம்துவன் கூடையைப் பிடித்தபடி நின்றாள். கெஞ்சவில்லை, திரும்பிப் போகவுமில்லை.

கடைசியில் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தகப்பன், சங்கு. குட்டிகள், ஐந்து. வெள்ளை, நான்கு. பேனா அங்கே நின்றது.

"கருப்பு ஒண்ணு," என்றாள் லம்துவன்.

எழுதினார். கையெழுத்துப் போட்டார். அடுத்த கட்டத்துக்கு வந்தார்.

"தாய் பேரு?"

"சம்லி."

"ஊரு?"

"இந்த ஊருதான் அண்ணே. வேற எங்கயும் போனதில்ல."