தொப்பியில்லாத ஓடக்காரர்

உறைந்துபோன ஓடக்கயிற்றைக் கோடரிக் காம்பால் தட்டித் தட்டிப் பனிக்கட்டியை உதிர்த்துக்கொண்டிருக்கிறார் வாவ்ரா. தலைமுடியெல்லாம் பனி. காதிரண்டும் கன்றிச் சிவந்து, வாத்துக் கொழுப்பு தடவி மினுங்குகின்றன. போன ஞாயிறு தவிர, ஆறு வருஷமாக அவர் தொப்பி போட்டு யாரும் பார்த்ததில்லை. கேட்டால், "போட்டா மண்ட அரிக்குதுங்க" என்பார். கொழுப்பைப் பற்றிக் கேட்டால், "குளுருக்குக் காது வெடிக்காம இருந்தாச் சரி" என்பார்.

துறைக்கு மேலே புனித யான் நெப்போமுக் சுரூபம் நிற்கிறது. தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம், உதட்டில் ஒரு விரல். வியன்னாவில் ஆளும் ஹாப்ஸ்பர்க் குடும்பத்துக்கு இந்தப் புனிதர்மேல் அப்படியொரு பிடிப்பு. மன்னன் எவ்வழி, ஜமீன் அவ்வழி. ஆறும் பாலமும் உள்ள இடமெல்லாம் போட்டி போட்டு நட்டுவிட்டார்கள். தாண்டிப் போகிற ஆண்பிள்ளை தொப்பியை எடுக்க வேண்டும். எடுக்காதவன் வீட்டில் மறுநாள் புத்தகம் தேடுவார்கள். அகப்பட்டால் பிள்ளைகளைப் பிடுங்கி மடத்தில் விட்டுவிடுவார்கள்.

வாவ்ரா வீட்டில் புத்தகம் இருக்கிறது. சுரூபம் வணங்காத எங்கள் ஆட்களின், தடைசெய்த பழைய வேதப் புத்தகத்தின் முன்பாதி. பின்பாதி என் வீட்டுத் தவிட்டுப் பானைக்குள். அதனால்தான் அவர் பெயரை மாற்றி எழுதுகிறேன்.

கல்லுக்கு மரியாதை செய்ய அவருக்கு மனசில்லை; பிள்ளையை இழக்கவும் முடியாது. ஆகவே தொப்பியையே விட்டுவிட்டார். இல்லாத தொப்பியை யார் எடுக்கச் சொல்வது? மகள் தோரோத்காவிடம் மட்டும் நிஜத்தைச் சொல்லிவைத்திருக்கிறார்: "உளி பட்ட கல்லுக்குத் தல குனியக் கூடாது, கண்ணு."

பங்குச்சாமியாரோ இதைப் பக்தி என்றே எடுத்துக்கொண்டார். கொட்டும் பனியிலும் புனிதர்முன் தலை மூடாத மனிதர் என்று பிரசங்கத்தில் புகழ்ந்தார். போன ஞாயிறு பூசை முடிந்து ஊரையே துறைக்குக் கூட்டிவந்து, ஜமீன் வீட்டம்மா கொடுத்தனுப்பிய நரித்தோல் தொப்பியைத் தம் கையாலேயே வாவ்ராவின் தலையில் வைத்தார்.

"உன்ன மாதிரி விசுவாசி குளுர்ல வெறச்சுப் போகக் கூடாதுப்பா. இனிமே போட்டுக்க. இவரத் தாண்டறப்ப மட்டும் எடுத்தாப் போதும்."

ஓடம் சுரூபத்துக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அக்கரை போக வேண்டிய சனம் காத்திருந்தது. வாவ்ரா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்து, சுரூபத்தின் எதிரே நின்றுவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. அவர் வீட்டைச் சோதித்தால் அடுத்தது என் வீடுதான். எடுத்துத் தொலை மனுஷா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"என்ன ஓடக்காரரே, தொப்பி ஒட்டிக்கிச்சா?" என்றான் ஜமீன் காவல்காரன். கூட்டம் சிரித்தது. சாமியார் சிரிக்கவில்லை.

வாவ்ரா தொப்பியை எடுத்தார். தலையும் குனிந்தது. எடுத்த தொப்பியால் மகளின் கண்களை இறுக மூடியிருந்தார்.