வணக்கத்தோடு நின்ற செய்திகள்

ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டி கம்பெனி ஒன்றுக்கு ஆள் எடுப்பது என் வேலை. தொழில்தொடர்பு இணையதளத்தில் எனக்குச் செய்திகள் குவியும். "வணக்கங்க, நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் வருபவற்றைப் பதில் போடாமல் ஒதுக்கிவிடுவேன். இன்பாக்ஸ் சுத்தமாக இருப்பதில் எனக்குப் பெருமை.

ஹைட்ராலிக் இன்ஜினியர் கிடைக்காமல் தவித்த சமயம், ராசிபுரம் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண், தளத்தில் பார்த்த படத்தை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். "ஏனுங்க மேடம், நான் ஹைட்ராலிக் இன்ஜினியருங்க. மெசேஜ் போட்டேன், பதிலே வரலீங்களே?"

"வணக்கத்தோட நிறுத்திட்டா எப்படிங்க? விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே?"

"நீங்க பதில் வணக்கம் சொல்றதுக்கு முன்னாடியே வேலை கேட்டா மரியாதையா இருக்குங்களா?"

நானும் இந்தப் பக்கத்துக்காரிதான். நலம் விசாரிக்காமல் யாரிடமும் வந்த காரியத்தைச் சொன்னதில்லை.

அவரை மறுநாளே நேர்காணலுக்கு வரச் சொன்னேன். வீட்டுக்குப் போனதும், ஒதுக்கிய வணக்கங்களைத் திறந்து முதலாவதற்கு எழுதினேன்: "நல்லா இருக்கறனுங்க. நீங்க?"

எதிர்முனையில் யாரோ உடனே தட்டச்சு செய்யத் தொடங்கினார்.